ஒவ்வாமை மூச்சுக்குழல் அழற்சிக்கான புதிய மருந்தைச் சுண்டெலிகளில் சோதிப்பது எப்படி?

காரைக்குடியைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலிருந்து எங்கள் விலங்குக்கூடத்துக்கு வரும் ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு சிறு புட்டியோடு வருகிறார்கள். அதற்குள் ஆடாதோடையோ தூதுவளையோ கண்டங்கத்தரியோ சாறெடுத்து உலர்த்திய பழுப்புப் பொடி இருக்கும். சென்ற மார்கழியில் வந்த ஒரு மாணவி புட்டியை மேசைமேல் வைத்து, “எங்க அப்பத்தா ஈளைக்கு இதைத்தான் குடுப்பாக ஐயா, எலியில சோதிச்சுப் பாத்துரலாமா?” என்று கேட்டார். அவருக்கு இரண்டு மாலைகள் உட்கார்ந்து சொன்னவற்றை, அதே வேலையைத் தொடங்கவிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால், இங்கே எழுதுகிறேன்.

அந்த அப்பத்தாவின் அறிவை நான் மதிக்கிறேன். ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டை அடியொற்றித்தான், இன்று மருந்துக் கடைகளில் கிடைக்கும் புரோம்ஹெக்சின் என்ற சளியிளக்கி உருவாக்கப்பட்டது. ஆனால் சளியை இளக்குவது ஒரு வேலை. ஒவ்வாமையால் மூச்சுக்குழலின் சுவரில் ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் குவிந்து, சளிச்சுரப்பு பெருகி, சிறு தூண்டலுக்கும் குழல் இறுகிக்கொள்ளும் நிலையைத் தணிப்பது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலையை ஒரு பொருள் செய்கிறதா என்று அறிய, அந்த நோய்நிலையை உடைய விலங்கு வேண்டும். சுண்டெலிக்கு ஆஸ்துமா தானாக வருவதில்லை. நாம்தான் அதை உண்டாக்க வேண்டும். பல ஆய்வுகள் இடறி விழுவது இந்த இடத்தில்தான். மருந்தைப் பற்றி ஓராண்டு யோசிக்கிறவர்கள் நோயைப் பற்றி ஒரு வாரம்கூட யோசிப்பதில்லை. உங்கள் கூடத்தில், உங்கள் கையால், அந்த அழற்சி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டாகிறது என்று காட்டும்வரை மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டாம் என்பதே நான் முதலில் சொல்வது.

அனுமதியும் எண்ணிக்கையும்

ஒரு சுண்டெலியைத் தொடுவதற்கு முன் செல் வளர்ப்புத் தட்டிலேயே முடித்துவிடக்கூடிய கேள்விகள் சில உண்டு. மனித மூச்சுக்குழல் மேற்படலச் செல்களை எந்தச் செறிவு கொல்லுகிறது, எந்தச் செறிவு கொல்லாமல் அழற்சிச் சமிக்ஞைகளை மட்டும் குறைக்கிறது, ஒவ்வாமையில் பங்கேற்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுவதைத் தடுக்கிறதா என்பனவற்றுக்கு விலங்கு தேவையில்லை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளில் 2023இல் செய்யப்பட்ட திருத்தம், செல் வளர்ப்பு, உறுப்புச் சில்லு (உறுப்புபோல் செயல்படும் செல்களைத் தாங்கிய சிறு தட்டு) போன்ற விலங்கில்லா முறைகளுக்கும் இடம் தந்திருக்கிறது. தட்டில் எந்த விளைவும் காட்டாத ஒரு பொருளைச் சுண்டெலிக்குக் கொடுக்க நீங்கள் தக்க காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் கீழ் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்க அமைந்த மையக் குழு முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று அழைக்கப்பட்டது, இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்று அழைக்கப்படுகிறது. அதனிடம் பதிவு பெற்ற கூடத்தில், அந்நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகே சோதனை தொடங்கலாம். படிவம் பி-யில் விண்ணப்பிக்க வேண்டும். குழுவில் கால்நடை மருத்துவர், வெளி நிறுவன அறிவியலாளர், மையக் குழுவின் பிரதிநிதி ஆகியோருடன் அறிவியல் துறை சாராத ஒருவரும் இருப்பார். என் அனுபவத்தில் அவர் கேட்கும் கேள்விதான் மிகக் கடினமானது: “ஏன் நாற்பத்தெட்டு? இருபது போதாதா?”

இதற்கு “எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்பது விடையாகாது. நீங்கள் எதிர்பார்க்கும் வேறுபாடு, விலங்குக்கு விலங்கு இயல்பாக உள்ள சிதறலைப்போல் ஒன்றரை மடங்கு என்றால், வழக்கமான 5 சதவீதப் பிழைவாய்ப்புக்கும் 80 சதவீதத் திறனுக்கும் (உள்ள வேறுபாட்டைத் தவறவிடாமல் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 8 சுண்டெலிகள் வேண்டும். வேறுபாடு சிதறலளவே என்றால் ஒரு குழுவுக்கு 17 வேண்டும். இதிலிருந்து ஒன்றைக் கவனியுங்கள்: சிதறலைக் குறைத்தால் விலங்குகளின் எண்ணிக்கை தானாகவே குறைகிறது. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் வகுத்த மாற்றுதல், குறைத்தல், செம்மைப்படுத்தல் என்ற மூன்று நெறிகளில் ‘குறைத்தல்’ என்பதை நாம் வேலைமேசையில் கடைப்பிடிப்பது இப்படித்தான். கையை நன்றாகப் பழக்கிக்கொண்ட மாணவருக்கு 8 போதும். அவசரக்காரருக்கு 17ம் போதாது.

கூண்டின் உமியும் மே மாதத்து வெயிலும்

இந்த வேலைக்குப் பெரும்பாலும் பயன்படுவது பால்ப்-சி என்ற இனத்துப் பெண் சுண்டெலிகள். வயது 6 முதல் 8 வாரம். ஒவ்வாமைக்குரிய இரண்டாம் வகை நோயெதிர்ப்பு விளைவின் பக்கம் இயல்பிலேயே சாயும் இனம் என்பதால் இதில் அழற்சி எளிதில் உண்டாகிறது. சி-57 கருப்புச் சுண்டெலியில் ஈசினோபில்கள் வரும். ஆனால் மூச்சுக்குழல் மிகையுணர்வு அந்த அளவுக்கு எழாது. கினிப் பன்றிக்குத் தனிச் சிறப்பு உண்டு: அதன் மூச்சுக்குழல் மனிதரைப்போல ஹிஸ்டமினுக்கு இறுகும், சுண்டெலியினுடையது அப்படி இறுகாது. ஆகவே ஹிஸ்டமின் வழியைத் தடுக்கும் மருந்தைச் சுண்டெலியில் சோதித்து, பலனில்லை என்று ஒதுக்குவது பிழையாகிவிடும். ஒரு செய்தியை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1960களில் சோடியம் குரோமோகிளைகேட் என்ற ஆஸ்துமா மருந்தைக் கண்டறிந்த ராஜர் ஆல்டூனியன் தாமே ஆஸ்துமா நோயாளி. கினிப் பன்றியின் உடல்துகளை முகர்ந்து தமக்கே மூச்சிரைப்பை வரவழைத்துக்கொண்டு மருந்துகளைத் தம் மூச்சில் சோதித்தார். இன்று அதை யாரும் செய்யக்கூடாது. ஆனால் எந்த விலங்கில் எதைக் கேட்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று அது நினைவூட்டுகிறது.

விலங்குகள் வந்ததும் குறைந்தது ஒரு வாரம் அவற்றை இடத்துக்குப் பழக விடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்காமல் உள்ளங்கையைக் குவித்தோ சிறு குழாயிலேற்றியோ எடுங்கள். வாலில் தூக்கப்படும் சுண்டெலியின் பதற்றம் குறைவதே இல்லை. பன்னிரண்டு மணி நேர வெளிச்சம், பன்னிரண்டு மணி நேர இருள், 22 டிகிரியை ஒட்டிய வெப்பம் ஆகியன எல்லா நூலிலும் இருப்பவை.

எந்த நூலிலும் இல்லாமல் நம் ஊரில் கற்றுக்கொண்டவை இரண்டு. முதலாவது, கூண்டுப் படுக்கை. புதுவயல் அரிசி ஆலைகள் பக்கத்தில் இருப்பதால் உமி எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. பல கூடங்களில் அதையே விரிக்கிறார்கள். உமியைக் கையில் அள்ளி வெயிலில் உதறிப் பாருங்கள், பொன்னிறத் தூசு எழும்பி நிற்கும். அந்தத் தூசில் சிலிக்காவும் உண்டு, நுண்ணுயிர்களின் எண்டோடாக்சின் என்ற நச்சும் உண்டு. எங்கள் முதல் சோதனையில், எந்த ஒவ்வாமையும் ஏற்றப்படாத நலமான சுண்டெலிகளின் நுரையீரல் நீரிலேயே (நுரையீரலைக் கழுவி எடுத்த நீர்) நியூட்ரோபில் என்ற அழற்சி வெள்ளணுக்கள் எட்டிப் பார்த்தன. உமியைச் சலித்து, நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கியபின் அது குறைந்தது. ஆனால் வெப்பம் கிருமியைக் கொல்லுமே தவிர எண்டோடாக்சினை அழிக்காது. தூசு நீக்கிய மக்காச்சோளத் தண்டுத் துணுக்குக்கு மாறியபின்தான் அது நின்றது. மூச்சுக்குழல் ஆய்வுக்கு உமி வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன்.

இரண்டாவது, கோடை. ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஓர் ஆண்டு மே மாதத்தில், ஒவ்வாமைப்பொருளைச் சுவாசிக்க வைக்கும் தூண்டல் நாள்களின் நடுவே இரவில் மின்சாரம் போய், குளிரூட்டி மறுநாள் காலைவரை நின்றுவிட்டது. விலங்குகள் பார்வைக்கு நலமாகவே இருந்தன. ஆனால் மருந்து எதுவும் தராத நோய்க்குழுவிலேயே ஈசினோபில்கள் வழக்கத்தில் பாதிதான் வந்தன. வெப்பத்தால் வதைபடும் சுண்டெலியின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிகோஸ்டீரோனை மிகுதியாகச் சுரக்கும். அது உடலே தயாரிக்கும் ஸ்டீராய்டு, ஈசினோபிலைக் குறைக்கும். அன்றைக்கு அந்தச் சோதனையை அப்படியே கைவிட்டோம். அதற்குப் பிறகு ஏப்ரல் தொடங்கி ஜூன் நடுவரை புதிய சோதனை எதையும் நாங்கள் தொடங்குவதில்லை. மின்கல மாற்று ஏற்பாடும், இரவு முழுவதும் வெப்பத்தைப் பதியும் கருவியும் இல்லாமல் எந்த மாதத்திலும் தொடங்குவதில்லை.

நோயை உண்டாக்குதல்

செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். சுண்ணாம்புச் சாந்தோடு முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தேய்த்ததால் வந்த பளபளப்பு அது. அந்த வெள்ளைக்கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் இருப்பது ஓவால்புமின். அதே ஓவால்புமின்தான் பல்லாண்டுகளாகச் சுண்டெலியில் ஒவ்வாமையை உண்டாக்கப் பயன்படும் பொருள். தூயதாக, மலிவாக, எப்போதும் ஒரே தரத்தில் கிடைக்கும் என்பதே அதற்குக் காரணம்.

நாங்கள் கையாளும் கால அட்டவணை இது. முதல் நாளை 0 என்று கொண்டால், 0ஆம் நாளும் 14ஆம் நாளும், 20 மைக்ரோகிராம் ஓவால்புமினை நோயெதிர்ப்பைத் தூண்டும் 2 மில்லிகிராம் அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழில் கலந்து, 200 மைக்ரோலிட்டர் அளவில் வயிற்றறைக்குள் ஊசியிடுகிறோம். கலந்தவுடன் ஏற்றக்கூடாது, அரை மணி நேரமாவது மெதுவாகச் சுழற்றினால்தான் புரதம் கூழில் படியும். பிறகு 28, 29, 30ஆம் நாள்களில் 1 சதவீத ஓவால்புமின் கரைசலை நெபுலைசரால் புகைபோலாக்கி, மூடிய பெட்டியில் 30 நிமிடம் சுவாசிக்க விடுகிறோம். குழந்தைகளுக்கு வீசிங் வந்தால் மருத்துவமனையில் வைக்கும் அதே வகைக் காற்றழுத்த நெபுலைசர் போதும். மீயொலி வகை கரைசலைச் சூடாக்கும். சூடுபட்ட புரதம் இயல்பு கெடும். ஓவால்புமின் கரைசல் நுரைக்கும் என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். நுரை ஏறிவிட்டால் பெட்டிக்குள் புகை வருவதுபோல் தோன்றும், புரதம் வராது.

புகைக்குப் பதிலாக மூக்கில் சொட்டு விடுவதாயின், லேசான மயக்கத்தில் வைத்து 50 மைக்ரோலிட்டர் விட வேண்டும். விழித்திருக்கும் சுண்டெலி அதை மூக்கிலேயே நிறுத்திக்கொள்ளும், அல்லது விழுங்கிவிடும். விழுங்குவதில் வேறொரு கெடுதியும் இருக்கிறது. வாய் வழியே போகும் புரதத்தை உடல் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடும். எனவே தீவனத்தில் முட்டைப் பொருள் எதுவும் இல்லை என்று உற்பத்தியாளரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். அதே காரணத்தால் ஓவால்புமின் புகையை வாரக்கணக்கில் நீட்டித்தாலும் அழற்சி வளராமல் தணியத் தொடங்கும். அப்படித் தணியும் வேளையில் கொடுக்கப்பட்ட மருந்து, தான் செய்யாத வேலைக்குப் பெயர் வாங்கிவிடும்.

ஓவால்புமினின் எண்டோடாக்சின் அளவையும் கேட்டறியுங்கள். மிகச் சிறிய அளவு ஒவ்வாமையைத் தூண்ட, அதைவிடப் பெரிய அளவு நோயெதிர்ப்பை வேறு திசைக்குத் திருப்பிவிடும். ஒரே ஆய்வை ஒரே தொகுதிப் புட்டியால் முடிப்பது நல்லது.

இப்போது முன்னோட்டச் சோதனைக்கு வருகிறேன். ஆறு சுண்டெலிகளுக்கு ஓவால்புமின், ஆறுக்கு உப்புநீர்; மருந்து கிடையாது. கடைசித் தூண்டலுக்கு 48 மணி நேரம் கழித்து நுரையீரல் நீரை எடுத்து எண்ணுங்கள். நலமான குழுவில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட செல்கள் மேக்ரோபேஜ்களாக (நுரையீரலில் இயல்பாகவே இருக்கும் துப்புரவுச் செல்கள்) இருக்க வேண்டும். ஈசினோபில் கண்ணில் படவே கூடாது. நோய்க்குழுவில் மொத்தச் செல்கள் பல மடங்கு ஏறி, அவற்றில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ ஈசினோபில்களாக இருக்க வேண்டும். ஆறில் இரண்டு சுண்டெலிகளில் ஈசினோபில் வராவிட்டால் அந்தச் சராசரியை நம்பி மேலே போக வேண்டாம். ஊசி குடலுக்குள் போயிருக்கலாம், கூழ் சரியாகக் கலந்திராமல் இருக்கலாம். கண்டுபிடித்துத் திருத்தி, மறுபடி ஒருமுறை செய்யுங்கள். அந்த மாணவிக்கு இரண்டாம் முன்னோட்டத்தில்தான் ஆறும் சரியாக வந்தன. நான்கு மாதம் வீணானதாக அவர் வருந்தினார். அந்த நான்கு மாதம்தான் அவருடைய ஆய்வின் அடித்தளம் என்று நான் நினைக்கிறேன்.

மருந்தும் குழுக்களும்

குழுக்கள் ஆறு. உப்புநீர் மட்டும், உப்புநீரோடு மருந்தின் உயர்ந்த அளவு, ஓவால்புமினோடு மருந்தில்லாத வெறும் கரைப்பான், ஓவால்புமினோடு டெக்சாமெத்தசோன் என்ற அழற்சி தணிக்கும் ஸ்டீராய்டு, ஓவால்புமினோடு மருந்தின் இரண்டு அளவுகள். இரண்டாவதாகச் சொன்ன குழுவைச் செலவு கருதி விட்டுவிடுகிறார்கள். மருந்து தானாகவே நுரையீரலை எரிச்சலூட்டுகிறதா என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். டெக்சாமெத்தசோன் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் தூண்டலுக்கு ஒரு மணி நேரம் முன்பு தரப்படும்; அந்தக் குழுவில் ஈசினோபில் விழாவிட்டால் அன்றைய சோதனையில் வேறு எந்தக் குழுவின் முடிவையும் நம்பக் கூடாது.

எந்தச் சுண்டெலி எந்தக் குழுவுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், அல்லது கணினியின் தற்செயல் எண்ணால் பிரியுங்கள். கூண்டுக்குள் கைவிட்டு எடுக்கும்போது முதலில் அகப்படுவது மந்தமான சுண்டெலி. அவையெல்லாம் முதல் குழுவில் சேர்ந்தால் சோதனை தொடங்கும்முன்பே சாய்ந்துவிடும். ஓவால்புமின் குழுக்கள் நான்கையும் கலந்தே ஒரே பெட்டியில் தூண்டுங்கள். ஒவ்வொரு குழுவையும் தனித்தனி வேளையில் தூண்டினால், அன்றைய நெபுலைசரின் குறை மருந்தின் நிறையாகத் தெரியும்.

கரைப்பானில் கவனம் வேண்டும். நீரில் கரையாத சாறுகளை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைப்பது வழக்கம். ஆனால் அதற்கே அழற்சியைத் தணிக்கும் இயல்பு உண்டு. 0.5 சதவீத கார்பாக்சிமெத்தில் செல்லுலோசில் கலக்கி வாய்வழி புகட்டுவதே பெரும்பாலும் போதும். புகட்டு ஊசி தொண்டையில் இறங்குவது விலங்குக்கு அச்சந்தரும் நிகழ்ச்சி என்பதால், மருந்து பெறாத குழுக்களுக்கும் அதே அளவு வெறும் கரைசலை அதே வேளையில் புகட்ட வேண்டும். வயிற்றறைக்குள் ஏற்றப்படும் காரமான சாறு அங்கே எரிச்சலை உண்டாக்கி, அந்த வேதனையால் சுரக்கும் கார்ட்டிகோஸ்டீரோனே ஈசினோபிலைக் குறைத்துவிடலாம். மே மாதத்து மின்தடை எங்களுக்குச் செய்தது போன்ற அதே ஏமாற்று அது.

இன்னொரு ஏமாற்றைக் கண்முன் பார்த்திருக்கிறேன். ஒருவர் கடுக்காய்ச் சாற்றை மூக்கு வழியே கொடுத்து, பத்து நிமிடத்தில் ஓவால்புமினையும் மூக்கு வழியே கொடுத்தார். ஈசினோபில் அடியோடு மறைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் தெளிந்த ஓவால்புமின் கரைசலை எடுத்து, அதே சாற்றில் நான்கு சொட்டு விட்டுப் பார்த்தோம். எலுமிச்சை பிழிந்த பால்போல அது உடனே திரிந்து, அடியில் பழுப்பு வண்டலாகப் படிந்தது. கடுக்காயின் டானின் புரதத்தைப் பற்றிப் பிடித்துப் படிய வைத்துவிட்டது. ஒவ்வாமைப்பொருள் நுரையீரலை அடையவே இல்லை. தாவரச் சாறு எதுவானாலும் விலங்குக்குப் போகும்முன் இந்தக் குழாய்ச் சோதனையைச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

எப்போது கொடுப்பது என்பதுதான் அளவைவிடப் பெரிய கேள்வி. 0ஆம் நாளிலிருந்தே மருந்து கொடுத்தால், ஒவ்வாமை ஏறுவதையே தடுத்ததா, ஏறிய பின் அழற்சியைத் தணித்ததா என்று பிரித்தறிய முடியாது. மருத்துவரிடம் வரும் நோயாளி ஏற்கெனவே ஒவ்வாமை ஏறியவர். ஆகவே முதல் சுற்றில் 28, 29, 30ஆம் நாள்களில் தூண்டலுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். அதில் பலன் தெரிந்தால் அடுத்த சுற்றில் 30ஆம் நாள்வரை மருந்தே தராமல் அழற்சியை முற்றவிட்டு, சில விலங்குகளில் அது முற்றியதை உறுதிசெய்து, அதன்பின் தூண்டலைத் தொடர்ந்துகொண்டே மருந்தைத் தொடங்குங்கள். பல பொருள்கள் முதல் சுற்றில் ஒளிர்ந்து இரண்டாவதில் அணைந்துவிடுகின்றன. எனக்கு இரண்டாவதுதான் உண்மையான சோதனை.

ஆடாதோடைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்பு உண்டு. பெண் சுண்டெலிகளில் சோதிக்கும்போது நச்சுத்தன்மைச் சோதனையை முதலில் தனியாக முடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளானாலும் உடல் எடையை நாள்தோறும் பதியுங்கள். தொடக்க எடையில் ஐந்திலொரு பங்கு குறைந்த விலங்கை அதற்கு மேல் வதைக்காமல் சோதனையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று படிவத்திலேயே எழுதி, அதன்படி நடங்கள்.

அளக்கும் நாள்

மூச்சுக்குழல் எவ்வளவு எளிதில் இறுகுகிறது என்பதை அளக்க, மயக்கமூட்டிய சுண்டெலியின் மூச்சுக்குழாயில் சிறு குழல் செருகி, செயற்கைச் சுவாசக் கருவியில் இணைத்து, குழலை இறுக வைக்கும் மெத்தகோலின் என்ற பொருளை மில்லிலிட்டருக்கு 3.125 மில்லிகிராமிலிருந்து இரட்டித்து 50 வரை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் காற்றோட்டத்துக்குக் குழல் காட்டும் எதிர்ப்பைக் கணக்கிட வேண்டும். விழித்திருக்கும் விலங்கைப் பெட்டிக்குள் விட்டுப் பென்ஹ் என்ற எண்ணைப் பெறும் முறை எளிது. ஆனால் அந்த எண் மூச்சு இழுக்கும் தோரணையைக் காட்டுகிறதே ஒழிய குழலின் எதிர்ப்பை அல்ல. பென்ஹை மட்டும் வைத்து மருந்து பலித்தது என்று எழுதியதைக் கண்டால் நான் நம்புவதில்லை. இந்த அளவைக்குத் தனி விலங்குகளை ஒதுக்குங்கள்; மெத்தகோலினைச் சுவாசித்த நுரையீரலைச் செல் எண்ணிக்கைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

செல் எண்ணிக்கைக்கான விலங்குகளை மயக்க மருந்தின் மிகையளவால் முடிப்பதே நல்லது. கரியமில வாயு நுரையீரலில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும்; கசிந்த இரத்தத்தின் வெள்ளணுக்கள் எண்ணிக்கையைக் கெடுக்கும். மூச்சுக்குழாயைத் திறந்து குழலைச் செருகி நூலால் கட்டுங்கள். இடப்பக்க மூச்சுக்கிளையை மற்றொரு நூலால் இறுக்கிக்கொண்டு, வலப்பக்க நுரையீரலை மட்டும் குளிர்ந்த உப்புநீரால் அரை மில்லிலிட்டர் வீதம் மூன்று முறை கழுவுங்கள். உந்து தண்டை மெதுவாகத் தள்ளி, அதைவிட மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் குழல் ஒட்டிக்கொண்டு நீர் திரும்பாது. உள்ளே விட்டதில் ஐந்தில் நான்கு பங்காவது திரும்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு விலங்குக்கும் திரும்பிய அளவை எழுதி வையுங்கள். நலமான நுரையீரலின் நீர் தெளிவாக இருக்கும், நோயுற்றதின் நீர் அரிசி கழுவிய மூன்றாம் நீரைப்போல் லேசாகக் கலங்கியிருக்கும். இளஞ்சிவப்பாக வந்தால் இரத்தம் கலந்துவிட்டது.

கழுவாமல் விட்ட இடப்பக்கம் திசு ஆய்வுக்கு. இறுக்கிய நூலைத் தளர்த்தி, பார்மலின் நிரப்பிய ஊசிக்குழாயை நுரையீரலுக்கு 25 சென்டிமீட்டர் மேலே பிடித்தால் அந்த உயரத்தின் அழுத்தத்திலேயே நுரையீரல் விரியும். விரியாமல் பதப்படுத்திய திசுவில் சுருங்கிய இடங்களெல்லாம் அழற்சிபோலவே தெரியும். ஹெமட்டாக்சிலின், ஈசின் சாயம் அழற்சிக்கு; சளிச்சுரப்புச் செல்களுக்குப் பாஸ் சாயம், அது சளியைச் செந்நீலமாகக் காட்டும்.

நுரையீரல் நீரை 4 டிகிரியில் சுழற்றி, மேல்நீரைச் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து -80 டிகிரியில் வையுங்கள். இன்டர்லூக்கின் 4, 5, 13 ஆகிய அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களை அதிலிருந்து எலைசா என்ற புரத அளவைச் சோதனையில் அளக்கலாம். அடியில் படிந்த செல்களை எண்ணி, கண்ணாடித் தட்டில் படியவைத்து, ஜீம்சா சாயமிட்டு, தட்டுக்கு 300 செல்களை வகைபிரியுங்கள். புதியவர்கள் இங்கே ஓர் இடத்தில் தவறுகிறார்கள். சுண்டெலியின் ஈசினோபில் உட்கரு, நடுவில் துளையுள்ள உளுந்துவடைபோல வளையமாக இருக்கும் என்று சொல்லித்தருவது வழக்கம். ஆனால் சுண்டெலியின் நியூட்ரோபிலுக்கும் வளைய உட்கரு உண்டு. முறுக்கிப் பிழிந்ததுபோல் சற்றுக் கோணியிருக்கும், அவ்வளவுதான். வளையத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள பரப்பைப் பாருங்கள்: இளஞ்சிவப்பு மணிகள் நெருங்கியிருந்தால் ஈசினோபில், வெளிறியிருந்தால் நியூட்ரோபில். மனித ஈசினோபிலின் செங்கல் நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். தட்டுகளின் பெயரை வேறொருவர் மறைத்து எண்ணிட்டுத் தர வேண்டும். எண்ணுகிறவருக்குக் குழு தெரியக்கூடாது. திசுத் துண்டுகளை மதிப்பிடுவதற்கும் இதே விதி.

இரத்தத்தில் ஓவால்புமினுக்கெனச் சுரந்த இம்யூனோகுளோபுலின்-ஈ என்ற எதிர்ப்புரதத்தின் அளவையும் பாருங்கள். ஒவ்வாமை ஏறியதற்கு அது சான்று. ஆனால் கடைசி மூன்று நாள் மட்டும் கொடுத்த மருந்து அதைக் குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது வாரங்களுக்கு முன்பே உருவாகிவிட்டது.

எண்களிலிருந்து முடிவுக்கு

கணக்கிடும்போது ஒரு சுண்டெலி ஓர் எண்தான். ஒரு நுரையீரலிலிருந்து பத்துக் காட்சிகளை எண்ணிவிட்டுப் பத்து முடிவுகள் என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. செல் எண்ணிக்கைகள் ஒருபக்கம் நீண்டு சிதறும் என்பதால் மடக்கை எடுத்தபின் மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்து, ஒவ்வொரு மருந்துக் குழுவையும் கரைப்பான் குழுவோடு டன்னட் முறையில் ஒப்பிடுங்கள். விட்டுவிட்ட விலங்கு எது, ஏன் விட்டோம் என்பதையும் எழுத வேண்டும். 2010இல் வெளியாகி 2020இல் திருத்தப்பட்ட, விலங்கு ஆய்வுகளை எழுதுவதற்கான அரைவ் வழிகாட்டி இவற்றையெல்லாம் கேட்கிறது.

ஈசினோபில் குறைந்துவிட்டது என்பதோடு நிறைவடைந்துவிடக் கூடாது என்பதற்கு மெப்போலிசுமாப் நல்ல பாடம். இன்டர்லூக்கின்-5ஐத் தடுக்கும் அந்த மருந்து சுண்டெலி ஆய்வுகள் காட்டிய வழியில் உருவானது. 2000இல் வெளியான ஒரு சிறு மனித ஆய்வில் ஈசினோபில்கள் வீழ்ந்தன. ஆனால் மூச்சுக்குழலின் மிகையுணர்வு மாறவில்லை. மருந்து தோற்றதென்றே பலர் எண்ணினர். பிறகு, ஈசினோபில் மிகுந்த கடும் ஆஸ்துமா நோயாளிகளை மட்டும் தேர்ந்து கொடுத்தபோது இரைப்புத் தாக்குதல்கள் குறைந்தன. 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எனவே செல், சளி, குழலின் இறுக்கம் மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். உங்கள் மருந்து ஒன்றைக் குறைத்து மற்ற இரண்டைத் தொடாமல் விட்டிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். எந்த நோயாளிக்கு அது உதவக்கூடும் என்பதற்கான குறிப்பு அதில்தான் இருக்கும்.

அளவையும் மனிதக் கணக்கில் மாற்றிப் பாருங்கள். சுண்டெலிக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பதை 12.3ஆல் வகுத்தால் மனிதருக்கு ஏறத்தாழ ஈடான அளவு கிடைக்கும். 500 மில்லிகிராமில்தான் உங்கள் சாறு பலிக்கிறது என்றால் மனிதருக்குக் கிலோவுக்கு 41 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் உலர்சாறு உட்கொள்ள வேண்டும். கஷாயமாகக் குடிக்கிறவருக்கு அது நடக்கக்கூடியதே; மாத்திரையாக்க நினைத்தால் சாற்றுக்குள் வேலைசெய்யும் மூலக்கூறைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

ஓவால்புமினில் பலன் கண்டால், அடுத்தது வீட்டுத் தூசு உண்ணிச் சாறு. ஓவால்புமினைச் சுவாசித்து ஆஸ்துமா வந்த மனிதர் அரிது. தூசு உண்ணியால் வந்தவர் நம் தெருவிலேயே பலர். அதை அலுமினியக் கூழ் எதுவும் இல்லாமல், மூக்கு வழியாகவே, ஒரு தடவைக்கு 25 மைக்ரோகிராம் புரதம் வீதம் வாரத்துக்கு ஐந்து நாளாக மூன்று வாரம் கொடுத்தால் அழற்சி எழும். இந்தச் சுற்றை, முடிந்தால், முதல் சுற்றைச் செய்யாத ஒருவர் தம் கையால் செய்யட்டும். நீங்கள் எழுதிவைத்த குறிப்பேட்டை மட்டும் பார்த்து அவர் அதே நோயை உண்டாக்க முடிகிறதா என்று முதலில் பன்னிரண்டு சுண்டெலிகளில் பார்த்துக்கொண்டு, அதன்பின் மருந்துக்குப் போங்கள்.